ஞானப்பாட்டும் தமிழ் யாப்பும்: பெப்ரீசியஸின் பணி

கிருஷ்ணகிரியில் 1895ஆம் ஆண்டு மிசௌரி லூத்தரன் சங்கத்தின் பணியைத் தொடங்கிய தியோடோர் நேத்தர், அதற்கு முன்பு லைப்சிக் சங்கத்தைச் சார்ந்திருந்தவர். தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து வழங்கும் அவ்வெல்லைப் பகுதிக்கு அவர் வந்தபோது, ஜெர்மானிய மெட்டில் தமிழில் பாடும் ஞானப்பாட்டு மரபு ஒன்றரை நூற்றாண்டைக் கடந்திருந்தது. சீகன்பால்கு தொடங்கிய அம்மரபுக்கு நிலைத்த வடிவம் தந்தவருள் முதன்மையானவர் யோகான் பிலிப் பெப்ரீசியஸ் (1711–1791).

கீசனில் சட்டமும் ஹாலேயில் இறையியலும் பயின்ற அவர், 1740இல் தரங்கம்பாடியை அடைந்தார். 1742 முதல் சென்னையில் சபையையும் பள்ளிகளையும் நடத்தினார். ஜெர்மானியப் பாடல்கள் பலவற்றை அவர் தமிழாக்கிய முறையே இங்குக் கருதத்தக்கது. ஜெர்மானியப் பாடல் அசையழுத்தத்தாலும் அடியிறுதி இயைபாலும் நடப்பது. தமிழ் யாப்போ குறில் நெடில் அளவால் அசை பிரிப்பது. எதுகையையும் மோனையையும் பெரிதும் முதற்சீரில் நாடுவது. அயல் மெட்டின் சுரங்களுக்கேற்பத் தமிழ்ச் சொற்களை நிரப்பினால் குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலிக்க நேரும். பெப்ரீசியஸ் மெட்டை மாற்றவில்லை. ஆகவே இப்பாடல்கள், பாடாமல் வாசிப்போர்க்குச் செய்யுளாகவும் தோன்றுவதில்லை, உரைநடையாகவும் தோன்றுவதில்லை.

இதனை அவரது தமிழறிவின் குறையாகக் கொள்வது பொருந்தாது. பிரைத்தாவுப்டுடன் சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி, ஏறத்தாழ 9000 சொற்களுடன் 1779இல் வேப்பேரியில் அச்சாயிற்று. (அவ்வச்சுக்கூடம் 1761இல் புதுச்சேரிப் போரில் ஆங்கிலேயர் கைப்பற்றியது!) சொல்லின் வழக்கறிந்தவர், சபை ஒருங்கே பாடவேண்டும் என்பதற்காக யாப்பை விட்டுக்கொடுத்தார் என்பதே ஏற்புடைய விளக்கம். கடன் கொடுக்கல் வாங்கலில் அவருக்கு அத்தகைய நிதானம் வாய்க்கவில்லை. முதுமையில் கடனுக்காகச் சிறையும் சென்றார். 1788இல் பொறுப்பு கெரிக்கேயிடம் சென்றது.

தமிழ் இராகத்திலும் தாளத்திலும் அமைந்த கிறித்தவக் கீர்த்தனைகளைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றினார். இசையில் பெப்ரீசியஸுக்கு நேர்மாறான வழியில் சென்ற அவரே, ரேனியஸ் 1820களில் விவிலியத்தைப் புதிதாக மொழிபெயர்க்க முனைந்தபோது பெப்ரீசியஸின் வாசகத்துக்காக வாதாடினார். அவ்வெதிர்ப்பில் மொழிப்பற்று மட்டும் இருக்கவில்லை. வழிபாட்டில் சாதி வேறுபாட்டை ஒழிக்கும் முயற்சியையும், தமிழிசையை விலக்கும் முயற்சியையும், வேத வாசகத்தைத் திருத்துவதையும் அவர் ஒரே வரிசையில் வைத்துக் கண்டித்தார். அயலவர் ஒருவரின் தமிழ், அவர் மறைந்து நாற்பதாண்டு நிறைவதற்குள் உள்ளூர் மரபின் அரணாக முன்வைக்கப்பட்டது. பிற சபைகள் புதிய மொழிபெயர்ப்புகளுக்கு மாறிய பின்னரும், லூத்தரன் சபைகள் நெடுங்காலம் அவ்வாசகத்தையே கைக்கொண்டன.