பட்டறைக் காற்றாலை

பட்டறைக் காற்றாலை என்பது, ஆயத்தமாக விலைக்கு வாங்காமல், கைக்குக் கிடைத்த பழைய உதிரிகளைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலோ வீட்டுக் கொல்லையிலோ கட்டிக்கொள்ளும் சிறு காற்றாலை. வண்டிச் சக்கரம், கார் அச்சு, பேரிங், டைனமோ, பிவிசி குழாய் எனக் காயலாங்கடையில் எடைபோட்டு வாங்கக்கூடியவைதாம் இதன் மூலப்பொருள்கள்.

காற்றில் மின்சாரம் எடுத்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று வீட்டுத் தோட்டத்தில்தான் நடந்தது. 1887-இல் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், மேரிகெர்க் என்ற ஊரிலிருந்த தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலையை நிறுத்தி, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து விளக்கேற்றினார். மிஞ்சியதைத் தெருவிளக்குக்குத் தருவதாகச் சொன்னபோது, பேயின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்களாம். 1920, 30-களில் அமெரிக்க விவசாயிகள் கார் டைனமோவில் மரத்தகடு பொருத்தி வானொலிப் பெட்டியின் பேட்டரிக்கு மின்னேற்றினர். 1936-க்குப் பிறகு கிராமங்களுக்கு மின்கம்பி வரவர அந்த வழக்கம் தேய்ந்தது.

தமிழ்நாட்டில் இவ்வகையில் பெயர் பெற்றது மின்சாரம் தரவில்லை, தண்ணீர் இறைத்தது. 1973-இல் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மதுரைப் பக்கம் 8 மீட்டர் விட்டமுள்ள பாய்க் காற்றாலை ஒன்றைக் கட்டினார். அதன் நடுவில் இருந்தது ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். மூன்று மூங்கில்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முக்கோணமாக அதில் வரிந்து கட்டினார்கள். மூங்கில் நுனியிலிருந்து சக்கர விளிம்புக்கு நைலான் கயிறு. மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் இடையே விறைப்பாக இழுத்த துணி. அதுதான் இறக்கை. சக்கரத்தின் குடம் ஒரு பழைய கார் அச்சில் ஏறி, பந்து பேரிங்குகளில் சுழன்றது. தாங்கி நின்றவை தேக்குக் கம்பங்கள். ஊர்த் தச்சரும் கொல்லரும் பார்த்த மாத்திரத்தில் பழுது நீக்கக்கூடிய அமைப்பு. அதன் பெருமையும் அதுவே என்பேன். துணிதான் வெயிலிலும் மழையிலும் நைந்துபோகும் உறுப்பு.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கதை வானூர் வட்டத்திலுள்ள ஆரோவில்லில் தொடர்கிறது. அங்குள்ள ஆரேகா பட்டறை, ஏவி-55 என்னும் பல தகடு கொண்ட நீரிறைப்புக் காற்றாலையை உருவாக்கியது. பின்னர் மின்வாயு என்ற குழு மின்சாரம் தரும் சிறு காற்றாலைகளைக் கையால் செய்யக் கற்றுத்தந்தது. வடிவமைப்பு ஸ்காட்லாந்தின் ஹ்யூ பிகட்டுடையது.

பழைய உதிரியில் கடைசிவரை தகராறு செய்தது மின்னாக்கிதான். கார் ஆல்டர்னேட்டருக்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். 2 மீட்டர் விட்டமுள்ள மூன்று தகட்டுச் சுழலியோ மிதமான காற்றில் 300 சுற்றைத் தொட்டாலே அதிகம். பெல்ட்டோ பல்சக்கரமோ போட்டால் தெம்பில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பிகட் மின்னாக்கியையே மாற்றினார்: இரண்டு இரும்புத் தட்டுகளில் காந்தங்கள், நடுவே ரெசினில் வார்த்த செம்புக் கம்பிச் சுருள்கள். மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் வரும். காந்தத்தையும் கம்பியையும் புதிதாக வாங்கவேண்டும். சுழல வைக்கும் ஹப் மட்டும் பழைய வண்டியிலிருந்து வந்தால் போதும்.

ஆரோவில் இருக்கும் கடலோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறி, ஆரோவில்லின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. இத்தகைய காற்றாலைக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டிய குழாய்க் கோபுரம் போடுவது வழக்கம். அடியில் கீல் இருந்தால் புயலெச்சரிக்கை வந்ததும் படுக்கவைத்துவிடலாம்.

காற்றின் வேகம் இருமடங்கானால் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். 1986-இல் அரசுக் காற்றாலைகள் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் எழுந்ததும், பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் குவிந்ததும் இதனால்தான். விழுப்புரம் மாவட்டத்திலேயே பம்பையாற்றங்கரைத் திருவாமாத்தூர் போன்ற, கடலைவிட்டு உள்ளே தள்ளிய ஊரில் தென்னைக்கும் புளிக்கும் மேலே சுழலியைத் தூக்கி நிறுத்தும் கோபுரச் செலவு, சுழலியின் செலவைத் தாண்டிவிடக்கூடும். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் போதுமென்றால் அங்கே சூரியத் தகடே மலிவு.