அடிநாதம் தேடிய காவிரிக் கரை

தஞ்சை நாட்டுச் சங்கீதத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் ராகத்தின் சௌந்தரியத்தையும் சாகித்தியத்தின் பக்திச் சுவையையும் வியந்து போற்றிய அளவுக்கு, காதில் விழுமுன்பே மார்பில் வந்து அதிரும் கனத்த கீழ்ஸ்தாயி நாதத்தை இந்நாட்டார் எத்தனை சிரத்தையோடு தேடி வந்தார்கள் என்பதைப் போற்றவில்லை. அந்த நாதத்தைப் பிறப்பித்த கைகளையோ அவர்கள் பெரும்பாலும் மறந்தே போனார்கள்.

திருவாரூர்த் தியாகராஜர் ஆலயத்தில் பஞ்சமுக வாத்தியம் என்றொரு கருவி உண்டு. வெண்கலக் குடத்தின் நடுவே பெரிய முகம் ஒன்றும் அதைச் சூழச் சிறு முகங்கள் நான்குமாக, சத்யோஜாதம் முதல் ஈசானம் வரையுள்ள சிவபெருமானின் ஐந்து திருமுகங்களின் பெயரைத் தாங்கி, முகத்துக்கு ஒரு தொனியாக ஒலிக்கும் அக்கருவியே பழந்தமிழர் குடமுழா என்று கூறியது. அதே ஊரில் பரம்பரையாக முழங்கி வந்த சுத்த மத்தளத்தின் பெருமைக்கு, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சீடர்களுள் ஒருவர் சுத்த மத்தளம் தம்பியப்பா என்றே பெயர் பெற்றிருந்தது போதிய சான்றாகும்.

ஆலயத்து மண்டபத்தைவிட வீதியே தவிலுக்கு உரிய இடம். சுவாமி புறப்பாட்டின்போது, தவில் அலாரிப்பு முழங்கி முடிந்தபின் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும்பி மூன்று காலங்களிலும் விரிய, பலா மரத்தைக் குடைந்து செய்த அந்தக் கருவியின் வலந்தலையில், பசையிட்ட துணியைச் சுற்றிக் கெட்டியாக்கிய கூடுகளை அணிந்த விரல்கள் மின்னலாய் ஓட, இடப்புறத் தொப்பியில் விழும் குச்சி நின்று நிதானித்து இடிக்கும். வேகமும் நிதானமும் ஒரே உடலில் கூடும் இந்த வித்தையை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) பக்கவாத்தியம் என்ற நிலையிலிருந்து தனித்துக் கேட்கத் தகுந்த கலையாக உயர்த்தினார். பின்னாளில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அதற்குக் கடல் கடந்தும் கீர்த்தி தேடித் தந்தார்.

மிருதங்கத்திலும் தொப்பியே அடிநாதத்தின் ஸ்தானம். ரவையைப் பிசைந்து தோலின் நடுவே அப்பினாலன்றி அங்கே ஆழ்ந்த தொனி பிறவாது. கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த கச்சேரிக்குப் புதிதாக அப்பவேண்டும். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தை வியக்கிற நாம், அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயரையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தேடலில் மிகத் துணிந்த பரீட்சை நாகஸ்வரத்தில் நிகழ்ந்தது. நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் கூவும் குட்டையான திமிரியே அக்காலத்தில் வழக்கிலிருந்தது. கச்சேரி மேடைக்கேற்ற ஆழ்ந்த தொனியை விரும்பி சுருதிக்காக ஊதும் ஒத்து என்ற குழலை விலக்கித் தம்பூராவை வைத்துக்கொண்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956), நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். குழலை நீட்டினால் சுருதி இறங்கும் என்பது எவரும் அறிந்ததே. சுத்த மத்தியமம் பிசகாமல் பேசும்படி துளைகளின் இடத்தையும் அளவையும் கண்டறிவதே கடினம். ராஜரத்தினத்தின் தோடி இரண்டு, இரண்டரைக் கட்டையில் கம்பீரமாய் விரிந்ததற்கு அவருடைய மேதையோடு அந்த ஆசாரியின் உளிக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

இசைத்தட்டு வந்த புதிதில் யந்திரத்தின் செவி கீழ்ஸ்தாயிக்கு மந்தமாகவே இருந்தது. கூம்பின் வழியே ஒலி புகுந்து ஊசியை அசைத்த அந்நாளில், அடித்தொனி பதியாது; பலத்த முழக்கமோ ஊசியைத் தடம் புரளச் செய்துவிடும். 1925-இல் மின்சாரப் பதிவும் மைக்கும் வந்தபின்னரே அக்குறை நீங்கத் தொடங்கியது. அப்போதும் தட்டின் மேல் அச்சான பெயர் வித்துவானுடையதே. கருவி செய்தவரின் பெயருக்கு அங்கே இடமில்லை.

1990-களின் தொடக்கத்தில் லண்டனில், நிமிஷத்துக்கு ஏறத்தாழ 170 அடி என்ற வேகத்தில் பாயும் தாளத்தின் கீழே மின்னணுக் கருவியின் கனத்த அடிநாதத்தைப் பாதி வேகத்தில் நடக்கவிட்டு, ட்ரம் அண்ட் பேஸ் என்ற புது இசையை இளைஞர்கள் வகுத்தபோதும் இந்த மறதியே தொடர்ந்தது. அவர்களுடைய எண்ணற்ற வெளியீடுகளுக்கு ஆதாரமான தாளத் துணுக்கு, தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவினர் 1969-இல் வெளியிட்ட 'ஆமென் பிரதர்' என்ற தட்டில் கிரிகோரி கோல்மன் வாசித்த ஆறேழு விநாடி முழக்கமாகும். உலகெங்கும் ஒலித்த அந்த வாசிப்புக்காக ஒரு காசும் பெறாமல் அவர் 2006-இல் மறைந்தார்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுக்கும், நெடுங்காலம் உலர்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தையே அவ்வூர்ப் பட்டறைகள் நம்பியிருக்கின்றன. அது கிடைப்பது இப்போது அருமையாகிவிட்டது. கடைசல் வேலையில் உள்ள குடும்பங்களும் ஒரு சிலவே. அவர்களுக்கு மரமும், அவர்கள் செய்த கருவி ஒலிக்கும் ஒவ்வொரு பதிவிலும் அவர்களுடைய பெயரும் கிடைக்கச் செய்வது சபாக்களாலும் பதிவு நிறுவனங்களாலும் எளிதில் ஆகக்கூடிய காரியம். இன்னும் தாமதிப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.