ஆறாத புண்ணும் தலவாக்கலைத் தேயிலையும்

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்று இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர்களான குரோனும் ரோசன்பேர்க்கும், பெருங்குடலில் நெடுநாள் புண் இருந்த ஒரு நோயாளிக்கு அங்கேயே புற்று தோன்றியதைப் பதிவுசெய்தனர். இரண்டுக்கும் அன்று தொடர்பில்லை. பின்னாளில் பத்திரிகைகள்தாம் தொடர்பை உண்டாக்கின. 'தேநீர் புற்றுநோயைத் தடுக்கும்' என்ற தலைப்பை என் தொழிற்காலத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்று ஜேர்மானியரான விர்ச்சோ 1863இலேயே ஊகித்தார். கட்டிகளுக்குள் வெள்ளணுக்களைக் கண்டதே அவருக்குக் கிடைத்த தடயம். ஆயினும் அழற்சியின் தூது மூலக்கூறு ஒன்று 1975இல் நியூயோர்க்கில் கண்டறியப்பட்டபோது, அது எலிகளின் கட்டியைச் சிதைத்தது. ஆகவே 'கட்டி சிதைக்கும் காரணி' என்றே பெயரிட்டார்கள். பெயர் எவ்வளவு ஏமாற்றும் பாருங்கள்! அந்தக் காரணி இல்லாத எலிகளுக்குத் தோல் கட்டிகள் எளிதில் வரவில்லை என்று 1999இல் தெரிந்தது.

குடலைப் பற்றிய தெளிவு 2004இல் வந்தது. இத்தகைய தூதுகள் செல்லுக்குள் 'என்.எஃப். கப்பா பி' என்னும் விசையை முடுக்குகின்றன. சான் டியாகோவில் மைக்கேல் கரினின் குழுவினர் எலியின் குடல் உட்படைச் செல்களில் இவ்விசை முடுங்காதபடி செய்தனர். அழற்சி குறையவில்லை, கட்டிகளோ ஏறத்தாழ 80 வீதம் குறைந்தன. சாகவேண்டிய கெட்ட செல்லைச் சாகவிடாமல் காப்பது இவ்விசையே என்பது பொருள்.

இங்கேதான் நம் சமையலறை நுழைகிறது. கட்டி சிதைக்கும் காரணியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவரான பாரத் அகர்வால், மஞ்சளின் குர்குமின் இந்த விசையை அடக்குவதாக 1995இல் எழுதினார். உலகமே மஞ்சள் பூசிக்கொண்டது. பிற்பாடு அவருடைய ஆய்வுக்கட்டுரைகளின் படங்கள் ஐயத்துக்குள்ளாயின. 20க்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. குர்குமின் உடலில் நிலைத்து நிற்பதில்லை என்று 2017இல் வெளியான விரிவான மீளாய்வு ஒன்று கூறியது.

தேயிலையின் கதையும் ஏறக்குறைய இதுவே. பச்சைத் தேயிலையின் கட்டெச்சின்கள் ஆய்வுகூடத் தட்டில் அவ்விசையை அடக்குகின்றன. ஆனால் தலவாக்கலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் உருவாவது கறுப்புத் தேயிலை. கொழுந்தை அரைத்துப் புளிக்க விடுகையில் கட்டெச்சின்களின் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலை பெருங்குடல் புற்றைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் அறிவித்தது.

மனிதரிடம் ஓரளவு மெய்ப்பிக்கப்பட்டது பழைய அஸ்பிரின்தான். பெருங்குடல் புற்று பரம்பரையாக வரக்கூடிய 861 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. நாளுக்கு 600 மில்லிகிராம் வீதம் இரண்டாண்டு உட்கொண்டவர்களிடம் புற்று குறைந்திருந்தது. குடலில் இரத்தக்கசிவை உண்டாக்கும் மருந்து அது. வைத்தியர் சொல்லாமல் தொடவேண்டாம்.

மலத்தில் இரத்தம் கண்ட தோட்டத் தொழிலாளி ஒருத்தி சாயத்தண்ணியிலும் மஞ்சளிலும் நாள் கடத்துவது அறியாமையால் மட்டுமன்று. நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போனால் அன்றைய பேர் விழாது, அரைப்பேர்கூடக் கிடைக்காது. குடலில் முளைக்கும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு வரை ஆகிறது; அதற்குள் கண்டால் உள்நோக்கிக் குழாய் வழியாகவே அறுத்து எடுத்துவிடலாம்.