ஒரு கிழமைக்குரிய சாமான்

2024 இலையுதிர் காலத்தில் நோர்வேயிலுள்ள வீடுகளின் தபால் பெட்டிகளுக்குள் ஒரு சிறிய கையேடு வந்து விழுந்தது. லோறென்ஸ்கூக்கில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் பலர் அதை விளம்பரக் கடதாசிகளோடு சேர்த்துக் கழிவுப் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். நான் றெஸ்ரோறன்ற் வேலை முடிந்து நள்ளிரவில் வந்து, குசினி மேசையில் வைத்து அதைப் படித்தேன். யுத்தமோ, புயலோ, நீண்ட மின்வெட்டோ வந்தால் ஒவ்வொரு வீடும் ஒரு கிழமைக்கு வெளியுதவி இல்லாமல் சமாளிக்க வேண்டும் என்கிறது அரசு. அதற்கு முன்னர் மூன்று நாள் என்று சொல்லி வந்தார்கள். ஆளுக்கு 20 லீற்றர் தண்ணீர், அதிகம் சமைக்கத் தேவையில்லாத உணவு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ரோச் லைற், பற்றரியில் இயங்கும் றேடியோ, மேலதிக பற்றரி, விறகு அல்லது காஸ் அடுப்பு, மருந்து, பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள், கையில் கொஞ்சம் காசு.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. இந்தப் பட்டியல் எனக்குப் புதியதல்ல. 1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கிய பின், வடக்குக்குக் கொண்டு போகக் கூடாது என்று இலங்கை அரசு தடுத்த அல்லது கட்டுப்படுத்திய பொருட்களில் இதில் பாதி இருந்தது. பற்றரி, மெழுகுதிரி, பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், பலவகை மருந்துகள். சீமெந்தும் உரமும் சொக்கலேற்றும் அதில் சேர்த்தி. வீட்டில் வாங்கி வை என்று ஓர் அரசு தன் குடிகளைக் கெஞ்சும் பொருளை, இன்னோர் அரசு தன் குடிகளின் பையில் கண்டால் குற்றம் என்றது.

விலை ஏறும்போது சாமான் வாங்கி அடுக்குவது எங்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று இங்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். அப்படியல்ல. நோர்வேயில் கடைச் சாமான்களின் விலையேற்றம் பெப்ரவரி 1, யூலை 1 என்ற இரண்டு திகதிகளை ஒட்டியே வழமையாக நடந்து வந்தது. 2023 பெப்ரவரிக்கு முன் பத்திரிகைகளில் இதுதான் பேச்சு. என்னோடு வேலை செய்த நோர்வேஜியர் ஒருவர் அந்த ஜனவரியில் நாற்பது பைக்கற் கோப்பி வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரித்தார். 'ஹம்ஸ்த்ரே' என்ற சொல்லைப் பாவித்தார். கன்னப் பைகளுக்குள் தானியத்தை அடைத்துக்கொண்டு ஓடும் ஹம்ஸ்ரர் என்ற சிறு பிராணியின் பெயரிலிருந்து, ஜெர்மன் மொழி வழியாக வந்த சொல் அது. எங்கள் மொழியில் அதற்குப் பதுக்கல் என்று பெயர். நாங்கள் செய்தால் சேமிப்பு, அடுத்தவர் செய்தால் பதுக்கல்.

இந்த நாட்டுக் கிழவர்களுக்கு அந்தச் சொல்லின் பின்னால் ஒரு யுத்தம் இருந்தது. 1940 ஏப்ரல் 9 ஜெர்மன் படைகள் நோர்வேயில் இறங்கின. அதன்பின் ஐந்து வருடம் பங்கீட்டு அட்டைதான். கோப்பி இல்லாமல் வேறு எதையெதையோ வறுத்து இடித்துக் குடித்தார்கள். தோல் இல்லாமல் மீன்தோலில் சப்பாத்துச் செய்தார்கள். ஒஸ்லோவின் பூங்காக்களில் உருளைக்கிழங்கு நட்டார்கள். நகரத்து வீடுகளில் பன்றி வளர்த்தார்கள். பெற்றோல் இல்லாததால் கார்களுக்குப் பின்னால் ஒரு கொதிகலனைப் பூட்டி, சிறு மரக்கட்டைகளை எரித்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். அந்தக் கார்ப் படங்களைப் பார்த்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய ஒஸ்ரின் கார்கள் எனக்குக் கண்முன் வந்தன. 1945 இல் விடுதலை வந்தும் இங்கு அட்டை உடனே போய்விடவில்லை. சீனிக்கும் கோப்பிக்கும் இருந்த பங்கீடு 1952 வரை நீடித்தது.

ஒஸ்லோவில் 1941 செப்டெம்பர் 8 நடந்ததை எங்களில் பலர் அறிந்திருக்க மாட்டோம். வேலைத்தலங்களில் தொழிலாளருக்குக் கொடுத்து வந்த பாலை நிறுத்தியதால் வேலைநிறுத்தம் வெடித்தது. பால் வேலைநிறுத்தம் என்றே அதற்குப் பெயர். 10 ஆம் திகதி ஜெர்மன் ஆட்சி அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து, அன்றே தொழிற்சங்க வழக்கறிஞர் விக்கோ ஹன்ஸ்தீனையும் தொழிலாளர் பிரதிநிதி றொல்வ் விக்ஸ்த்ரோமையும் சுட்டுக் கொன்றது. பாலுக்காக இரண்டு உயிர்.

எங்கள் பக்கத்திலும் அதே யுத்தம்தான் அட்டையைக் கொண்டுவந்தது. 1942 இல் பர்மா யப்பானிடம் விழுந்ததும் இலங்கைக்கு அரிசி வருவது நின்றது. கூப்பனும் சங்கக்கடையும் எங்கள் வாழ்க்கைக்குள் நிலைத்தது அப்போதுதான். யுத்தம் முடிந்தும் மானிய அரிசி தொடர்ந்தது. 1953 யூலையில் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு அதை ஒரேயடியாக உயர்த்தினார்கள். அப்போது நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. ஓகஸ்ட் 12 ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு, சாவுகள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசிப் பானையில் கைவைத்தால் கதிரை போகும் என்பதை அதன்பின் வந்த அரசுகள் மறக்கவில்லை. அந்தப் பானை வாக்குப் போடும் பெரும்பான்மையின் பானையாக இருக்கும்வரை.

எழுபதுகளை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அம்மம்மா பாண் வரிசையையும் மரவள்ளிக்கிழங்கையும் சொல்லுவா. 1973 இல் எண்ணெய் விலை உலகமெங்கும் ஏறியபோது சிறிமாவோ அரசு கூப்பன் அரிசியைக் குறைத்தது. சாப்பாட்டுக் கடைகளில் சில நாட்கள் சோறு விற்கத் தடை இருந்தது. பெர்மிற் இல்லாமல் சில கொத்து அரிசியைக் கூட ஒரு மாவட்டத்திலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோக முடியாது, வழியில் மறித்துப் பையைக் கிண்டுவார்கள். அப்பு சொல்லுவது வேறு. மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வராததால் தோட்டக்காரன் நிமிர்ந்த காலம் அது. கல்வீடு எழும்பியதும் உழவு மெசின் வந்ததும் அந்தக் காசில்தான். 1977 இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட, அந்தக் காசும் போயிற்று. ஒரே விலையேற்றம் ஒரு வீட்டின் குசினியை வெறுமையாக்கி அதே வீட்டின் தோட்டத்தை நிரப்பியது. இதை நான் படித்த எந்தப் பொருளியல் பாடத்திலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

தொண்ணூறுகளுக்கு வருகிறேன். எனக்கு அப்போது மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. மின்சாரம் என்ற ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. எங்கள் வெளிச்சம் ஜாம்போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள் நுழைத்த மெல்லிய திரி. ஒரு நெல்லளவு சுடர். அதன் முன் நான்கு பிள்ளைகள் படிப்போம். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பேசும். சுற்றுகிறவர் களைத்தால் லண்டன் பிபிசி களைத்துவிடும்.

சவர்க்காரம் விலை ஏறியபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். துணியில் மணம் நாட்கணக்கில் நிற்கும். மாடு வந்து கொடியில் காயும் சட்டையைச் சப்பிவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டிக் குட்டானைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்த பினாட்டு, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், உப்புப் போட்டு உருட்டிய புளி. இவையெல்லாம் தடைக்காகக் கண்டுபிடித்தவை அல்ல. மழையில்லாத மண்ணில் நூறு நூறு வருடமாகப் பெண்கள் செய்து வந்த சேமிப்பு. நாகரிகம் வந்து பின்தள்ளியதைத் தடை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது. உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி வேறு பெட்டியில் போடும் பிடியரிசிப் பழக்கத்தை அம்மா ஒரு நாளும் விட்டதில்லை. கொத்து முழுதாக இல்லாத நாளில் பிடி சிறுத்ததே தவிர நிற்கவில்லை.

சிலர் இந்தக் காலத்தை இப்போது மேடைகளில் பொற்காலம் போலப் பேசுகிறார்கள். தன்னிறைவு என்கிறார்கள். அது சரியல்ல. மருந்தில்லாமல் செத்தவர்கள் தன்னிறைவில் சாகவில்லை. ஆனையிறவுப் பாதை மூடியபின் கொம்படி, சங்குப்பிட்டி என்று வழி மாறி, கடைசியில் கிளாலிக் கடலால் இரவில் வள்ளத்தில் சாமான் வந்தது. கடற்படை சுட்டு வள்ளத்திலேயே செத்தவர்கள் ஏராளம். வவுனியாவில் வாங்கிய ஒரு போத்தல் எண்ணெய், சைக்கிளில் கட்டி உழக்கியவனின் கூலி, வள்ளக்கூலி, இயக்கத்தின் வரி, முதலாளியின் லாபம் எல்லாம் ஏறித்தான் எங்கள் சந்திக்கு வந்து சேர்ந்தது. தடை போட்டது கொழும்பு. அதில் காசு பார்த்தவர்கள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள்.

எங்கள் வீட்டு அரிசி இருந்தது ஒரு பெரிய செம்புக் கிடாரத்தில். கலியாண வீட்டுக்குச் சோறாக்கும் அளவு. மூடி போட்டு, மேலே கல் வைத்தால் எலி அண்டாது. அது எங்கள் சீதனப் பொருளல்ல. 1990 கடைசியில் மிக மலிவாக வந்தது என்று மட்டும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அந்த வருடம் ஒக்டோபர் 30 யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடு போனார்கள். அவர்களுடைய கடைகளிலும் வீடுகளிலும் இருந்தவை பறிபோயின. அந்தச் சாமான்கள் பின்னர் எந்தெந்தக் கைகளுக்குப் போயின என்று ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் மலிவாக வரும் பொருளுக்கு யார் விலாசம் கேட்கப் போகிறார்கள்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 வலிகாமம் வெளியேறியது. நாவற்குழி வீதியில் மழை. இலட்சக்கணக்கான சனம் ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம். அம்மா ஒரு சின்ன மூட்டை அரிசி, பினாட்டுச் சுருள், உப்புப் போத்தல், இரண்டு விளக்கு எடுத்தா. கிடாரத்துக்குள் முக்கால்வாசி அரிசி. மூடியைச் சரிபார்த்து, கல்லையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தா. 1996 இல் திரும்பிப் போனபோது வீட்டின் சுவர்கள் இருந்தன. கிடாரம் இல்லை.

2006 ஓகஸ்ட் 11 முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். மறுபடி வரிசை, மறுபடி அட்டை, கப்பல் வந்ததா என்ற கேள்வி. அப்போது அம்மா பதறவில்லை. பரணில் ஏறி ஜாம்போத்தல்களை இறக்கிக் கழுவினா. நான் சேர்ந்த படிப்பு முடியாமல் போனதும் இங்கு வந்ததும் வேறு கதை.

2022 இல் தெற்குக்கும் அந்தக் காலம் வந்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, உணவுக்கு 95 வீதம் அளவில். காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டார்கள். பெற்றோலுக்குக் கைத்தொலைபேசியில் கியூஆர் கோட். இங்கே தமிழ்க் கடையில் நின்றபடி சிலர், இனியாவது அவைக்கு விளங்கட்டும் என்றார்கள். நானும் தலையாட்டினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு காலிமுகத்திடலில் நின்ற பெடியங்களில் யாராவது எங்கள் ஜாம்போத்தலைப் பற்றிக் கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன். சிலர் கேட்டிருக்கலாம்.

இங்கு வீட்டுச் செலவைச் சுருக்க எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம். இருபது கிலோ அரிசி மூடை, மீனும் இறைச்சியும் மலியும் நாளில் வாங்கி பிறீசரில் போடுவது, வருடத்தில் சில தடவை நாலு குடும்பமாகச் சேர்ந்து சுவீடன் எல்லைக் கடைக்கு ஓடுவது. றெஸ்ரோறன்ற் களஞ்சியத்தில் ஒரு சட்டம் உண்டு: புதிது பின்னால், பழையது முன்னால். அதை வீட்டிலும் வைத்திருக்கிறேன். இந்த நாட்டு அரசே அந்தச் சட்டத்தை மறந்திருந்தது. இருந்த அவசரத் தானியக் களஞ்சியத்தை 2000களின் தொடக்கத்தில் செலவு என்று கைவிட்டுவிட்டு, 2024 இல் கோதுமையைச் சேமிக்க மறுபடி ஒப்பந்தம் எழுதியது.

கையேடு வந்த அந்தக் கிழமை அம்மாவுக்கு ரெலிபோனில் பட்டியலை வாசித்துக் காட்டினேன்.

"தண்ணி ஏன் வாங்க வேணும்? அங்கை கிணறில்லையோ?"

"இல்லை அம்மா."

"நெருப்புப்பெட்டியைப் போத்தலுக்குள்ளை போட்டு மூடி வை தம்பி. ஈரம் பிடிக்கும்."

கனகாலம் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். "அந்தக் கிடாரம் ஆரிட்டை வாங்கினது?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"கடையிலைதான்."

"எந்தக் கடை?"

"அப்ப இருந்த ஒரு கடை. அடியிலை பேர் வெட்டியிருந்தது. நான் புளி போட்டுத் தேச்சுப் பாத்தன், போகேல்லை." பிறகு குரலை மாற்றி, "அவங்கள் உப்பு எழுதேல்லையோ? உப்பும் வாங்கி வை" என்றா.