தைப்பது ஆம்பூர், ஆர்டர் யார் கையில்?

பிரிட்டனின் கிளார்க்ஸ் நிறுவனம் 1825இல் ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில் பிறந்தது. இன்று அதன் காலணிகளைத் தைத்துக் கொடுக்கும் ஊர்களில் நம் ஆம்பூரும் ஒன்று. தொழிற்சாலை நம்மவர்களுடையது, பிராண்டும் மாடலும் விற்கும் கடையும் அவர்களுடையவை. பன்னாட்டு நிறுவனம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்கிறோம். தோல் தொழிலில் அது பெரும்பாலும் ஓர் ஆர்டர் தாள்தான்.

இந்த நிலை எப்படி வந்தது? 1970களுக்கு முன் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகள் அரைகுறையாகப் பதனிட்ட தோலையே கப்பலேற்றின. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி மத்திய அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், ஷூவின் மேற்பாகமான அப்பருக்கும், பிறகு முழு ஷூவுக்கும் நம் முதலாளிகள் மாறினார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் கூலியும் ஏறியது, கழிவுநீர்ச் சட்டமும் இறுகியது. அங்கே செலவான வேலை இங்கே வந்தது. கழிவும் கூடவே வந்தது.

பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்து, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீடு குறித்து 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட்டது. இரண்டு முறையும் பொறுப்பு டேனரியின் மேல்தான் விழுந்தது. அந்தத் தோலை வாங்கிய வெளிநாட்டுப் பிராண்டு வழக்கிலேயே இல்லை.

பணத்தின் கதையும் இதுவே. தோல், ரசாயனம், கூலி எல்லாவற்றுக்கும் ஏற்றுமதியாளர் வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்குகிறார். வாங்குபவரோ சரக்கு போன பிறகு, பல நேரங்களில் 60, 90 நாள் கழித்துத் தருகிறார். இடைப்பட்ட நாட்களின் வட்டி நம் ஊர்க் கணக்கில் ஏறுகிறது. ஃபிக்ஹில் ஸலம் என்றொரு வியாபார முறை உண்டு. அதில் பின்னால் வரும் சரக்குக்கு முழு விலையையும் முன்பே கொடுத்துவிட வேண்டும். நடப்பது அதற்கு நேர் எதிர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இதன் பாரம் நன்றாகவே தெரிந்தது. ஆர்டரைத் தள்ளிவைப்பது அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல். நமக்கு அது வங்கித் தவணை, வாரக் கூலி.

வேறு வகையும் அருகிலேயே வந்துவிட்டது. நைக்கிக்குக் காலணி செய்யும் தைவானின் ஃபெங் டே, செய்யாற்றில் சொந்தத் தொழிற்சாலையே நடத்துகிறது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துக்கு இன்னொரு தைவான் நிறுவனமான ஹாங் ஃபு வருகிறது. இங்கே முதலீடும் எந்திரமும் பெரும்பாலும் அவர்களுடையவை. ஆர்டர் குறைந்தால் வங்கிக் கடன் நம் முதலாளியின் தலையில் விழாது. ஆனால் இவை தோல் அல்லாத காலணிகள். தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கும் கைகளுக்கு அங்கே வேலை இல்லை.