தறி முதலாளியிலிருந்து ப்ராடக்ட் மேனேஜர் வரை: காஞ்சிபுரத்தில் ஒரு பொறுப்பு கைமாறிய வரலாறு

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் காலச் செப்பேடு ஒன்று, காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் (இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்) நிர்வாகத்தையும் கணக்கையும் நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஒப்படைத்ததைச் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் செய்தி இது. என்ன நெய்வது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள் என்று இதிலிருந்து தாவிவிட முடியாது. ஆனால் தறியில் உட்கார்ந்தவனும் ஏடு எழுதியவனும் வேறு வேறு சாதி மனிதர்கள் அல்லர் என்பது உறுதி. பிற்காலத்தில் நேர்ந்தது இந்த இரண்டின் பிரிவு. இன்று பல்கலைக்கழகங்கள் 'தயாரிப்பு மேலாண்மை' என்று பாடம் நடத்துவதை அந்தப் பிரிவின் கடைசிக் கட்டமாகவே நான் வாசிக்கிறேன்.

பாடநூல்கள் இத்துறையின் தொடக்கத்தை 1931இல் வைக்கின்றன. அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் காமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய், மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். ஒவ்வொரு பண்டத்துக்கும் தனியாக ஓர் ஆள் வேண்டும். எந்த ஊரில் விற்கிறது, எங்கே தேங்குகிறது, ஏன் என்று அவர் பார்க்க வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது காஞ்சியின் நெசவுப் பகுதிகளான பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் இதே வேலையை, யாரும் எழுதித் தராமலே, தறி முதலாளிகள் செய்துவந்தார்கள்.

முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் கொடுப்பார். நெசவாளி கூலிக்கு நெய்வார். பட்டு எங்கிருந்தோ வரும், சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வரும். முகூர்த்த மாதங்களுக்கு முன்பே நிறம், கரையின் அகலம், எடை, விலை எல்லாம் முடிவாகிவிட வேண்டும். தவறினால் முதல் முடங்கும். நல்லி சின்னசாமி செட்டியார் காஞ்சிச் சேலையைச் சென்னைக்குக் கொண்டுபோய் 1928இல் தியாகராய நகரில் கடை வைத்தபோது அந்த முடிவில் ஒரு பங்கு கடைக்காரர் கைக்குப் போனது. வாங்குபவரின் முகத்தை நேரில் பார்ப்பவர் இப்போது அவர்தானே!

இந்த முடிவுகளின் கனத்தைக் கோர்வை காட்டும். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும் நெசவு இது. மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளியோடு துணைக்கு ஓர் ஆள் தறியில் உட்கார வேண்டும். ஒருகாலத்தில் வீட்டுப் பிள்ளைகளே அதைச் செய்தார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் துணையாளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தக் கூலியைச் சேலை விலையில் ஏற்றுவதா, கோர்வையையே விட்டுவிடுவதா? பலர் விட்டார்கள். காஞ்சிபுரம் என்ற பெயரை எந்த நெசவு சுமக்கும் என்பதே இப்படித் தறித்தறியாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பண்டத்தில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற முடிவுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த மேலாண்மை வகுப்பில் கிடைக்கும்?

அரசும் உள்ளே வந்தது. 1935இல் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ், 1950களின் நடுவில் தொடங்கி நாடெங்கும் நெசவாளர் சேவை மையங்கள், அவற்றுள் ஒன்று காஞ்சிபுரத்தில், 1960இல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், 1971இல் தமிழ்நாடு சரிகை ஆலை. வடிவமைப்பாளர் கட்டத்தாளில் வரைவார், அட்டை அடிப்பார்கள், ஜக்கார்டு பெட்டியில் ஏறும். வரைதலும் தொழில்நுட்பமும் அரசு வேலையாயின. சந்தையைப் படிப்பது மட்டும் அந்தப் பாடத்திட்டங்களில் ஓரத்திலேயே நின்றது. 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டு எது என்பதை வரையறுத்தது. அடுத்த ஆண்டு எந்த நிறம் போகும் என்பதை அது சொல்லாது, சொல்ல வேண்டியதும் இல்லை.

அந்த ஓரத்தை நிரப்பியது 1995இல் சென்னைக்கு வந்த ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட். அங்கே ஆடை மேலாண்மை படித்தவர்கள் மெர்ச்சண்டைசர்களாகவும் கொள்முதல் பிரிவுகளிலும் சேர்ந்தார்கள். பழைய முதலாளியின் வேலையில் பாதி இது. அவர் போட்ட சொந்த முதல் மட்டும் இதில் இல்லை.

2007இல் காஞ்சிபுரத்தின் பெயரிலேயே ஒரு நடுவண் கல்வி நிறுவனம் பிறந்தது: தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு, உற்பத்தி நிறுவனம். முதலில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இயங்கி, பின்னர் வண்டலூருக்கு அருகே மேலக்கோட்டையூருக்குப் போனது. 2019இல் மாவட்டம் பிரிந்தபின் அந்த இடம் செங்கல்பட்டுக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் காஞ்சியோடு நிற்கிறது. பண்ட வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு அங்கே உண்டு. நெசவு நகரத்தைவிடச் சென்னையின் மென்பொருள், வாகனத் தொழில்களை நோக்கியே அதன் முகம் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. வாகனத்திலும் ஒரு சிக்கல். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிறது. வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மேசைகள் கொரியாவிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் கிடைப்பது உற்பத்தி வேலை. பண்டத்தைத் தீர்மானிக்கும் வேலை அரிது.

மென்பொருளில் நிலை வேறு. கூகுள் 2002இல் புதிய பட்டதாரிகளை நேரடியாகத் தயாரிப்பு மேலாண்மைப் பணிக்கு எடுக்கத் தொடங்கியது. இங்கோ, பொறியியல், சில ஆண்டு வேலை, பிறகு எம்பிஏ என்பதே பெரும்பாலோர் வந்த பாதை. எடுத்துக்காட்டாக, கிரீஷ் மாத்ருபூதம் பொறியியல் முடித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்து, மென்பொருள் நிறுவனமான ஜோஹோவில் தயாரிப்பு மேலாண்மைப் பிரிவின் துணைத்தலைவரானார். 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸாகி 2021இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. அவர் விட்டுவந்த ஜோஹோவோ 2005 முதல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பட்டம் கேட்காமலே சேர்த்துப் பயிற்றுவிக்கிறது. பட்டத்தாலும் வரலாம், பட்டமில்லாமலும் வரலாம் என்பதற்குப் பழைய காஞ்சிபுர மாவட்ட எல்லைக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஜோஹோவின் வளாகம் நிற்கும் கூடுவாஞ்சேரி 2019 பிரிவினைக்கு முன் இந்த மாவட்டம்தான்.

இத்துறையைப் படிக்கும் மாணவர் வெளிநாட்டுச் சோப்பு நிறுவனத்தின் குறிப்பை வாசிக்கட்டும். கூடவே காஞ்சி முதலாளி வீடுகளில் எஞ்சியிருக்கும் பேரேடுகளையும் கட்டத்தாள்களையும் ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும். எந்தக் கரை எந்த ஆண்டு நின்றது, எவ்வளவு முன்பணம் திரும்பவில்லை, எந்தக் கடை எந்த நிறத்தைத் திருப்பி அனுப்பியது என்பதற்கான விடைகளை அங்கேதான் தேட வேண்டும்.