15 நிமிடத்தில் 4½ செ.மீ. மழை! மதுரையில் மழை, வெயிலை அளப்பது எப்படி?

மதுரை:

"எங்க ஏரியாவுல கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. பேப்பர்ல வெறும் 2 மில்லி மீட்டர்னு போட்டிருக்கான்!"

மழை பெய்த மறுநாள் மதுரை டீக்கடைகளில் தவறாமல் கேட்கும் பேச்சு இது. வெயில் காலத்திலும் இதே கதைதான். உடம்பு தீயாய் எரியும், செய்தியில் 102 டிகிரி என்று இருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. மழையையும் வெயிலையும் அளக்க குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட கருவி என்று கறாரான விதிகள் இருக்கின்றன. அந்த கருவி இருக்கும் இடத்தில் என்ன நடந்ததோ அதுதான் கணக்கு.

மதுரை நகரத்துக்கு ஒன்று, விமான நிலையத்துக்கு ஒன்று என வெப்பநிலை தனித்தனியாக பதிவாகிறது. மழைக்கு இன்னும் நிறைய இடங்கள் உண்டு. தல்லாகுளம், விரகனூர், சிட்டம்பட்டி, கள்ளந்திரி, மேலூர், தனியாமங்கலம், சாத்தியார் அணை, வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, எழுமலை, திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடி என மாவட்டம் முழுக்க மழைமானிகள் உள்ளன. தல்லாகுளத்தில் ஊற்றிய மழை ஒரு கிலோ மீட்டர் தள்ளி தூறலாக இருக்கலாம். கோடை மழை என்றால் தெருவுக்கு தெரு மாறும்.

காலை 8.30 மணி கணக்கு

மழைமானி என்பது பெரிய விஞ்ஞான சமாச்சாரம் இல்லை. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில். அவ்வளவுதான். புனலின் வாய் 200 சதுர செ.மீ. என்றால் 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லி மீட்டர் மழை என்று அர்த்தம். கோடு போட்ட கண்ணாடி குடுவையில் ஊற்றி பார்த்து எழுதிக் கொள்வார்கள்.

1 மில்லி மீட்டர் என்றால் அற்பம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர். 1 செ.மீ. மழை பெய்தால், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் 930 லிட்டர் விழும். 60 குடத்துக்கு மேல்!

மழைமானியை மரத்தடியிலோ, சுவரோரமோ வைக்கக்கூடாது. பக்கத்தில் கட்டிடம் இருந்தால் அதன் உயரத்தைப்போல் குறைந்தது 2 மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். புனலில் இலை, தூசி அடைத்தாலும் கணக்கு குறைந்து விடும்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுக்கப்படுகிறது. நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது எல்லாம் இன்றைய தேதியில் ஏறும். நேற்று சாயங்காலம் நனைந்தவர், நேற்றைய தேதியில் தேடினால் கிடைக்காது. பாதி குழப்பம் இதனால்தான்.

அந்த காலத்து விவசாயிகள் 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பார்கள். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது, ஏர் பூட்டலாமா என்பதுதான் அவர்கள் கணக்கு. பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை. ஆனால் வறட்சி, வெள்ள நிவாரணம் என்று வரும்போது அதிகாரிகள் புரட்டுவது பதிவேட்டைத்தான். அதிலும் மாவட்ட சராசரி ஒரு வில்லங்கம். மேலூரில் வெளுத்து வாங்கி, உசிலம்பட்டியில் சொட்டு விழாவிட்டாலும், எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் 'மிதமான மழை' என்றுதான் வரும்.

செல்லூர் மூழ்கிய நாள்

2024 அக்டோபர் 25-ந்தேதி மதுரையில் 9.8 செ.மீ. மழை பதிவானது. வானிலை துறை கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை என்றால் 'கனமழை', 12 முதல் 20 வரை 'மிக கனமழை', அதற்கு மேல் 'அதி கனமழை'. அதாவது அன்று பெய்தது முதல் ரகம்தான். ஆனாலும் செல்லூர், ஆலங்குளம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பந்தல்குடி கால்வாய் தாங்கவில்லை.

காரணம், அதில் 4.5 செ.மீ. மழை பிற்பகல் 3 மணியை ஒட்டி வெறும் கால் மணி நேரத்தில் கொட்டியது. இதை பாட்டில் மழைமானி சொல்லாது. அதற்கு மொத்தம்தான் தெரியும். தானியங்கி மழைமானிக்குள் சீசா பலகை மாதிரி சின்ன வாளி இருக்கும். குறிப்பிட்ட அளவு நிறைந்ததும் அது சாயும், மறுபக்கம் நிறையும். ஒவ்வொரு சாய்வும் நேரத்தோடு பதிவாகும். எந்த நிமிடத்தில் எவ்வளவு என்று புட்டுப்புட்டு வைத்து விடும். கால்வாயை எவ்வளவு அகலத்தில் கட்டுவது என்று முடிவு செய்ய இந்த கணக்குதான் வேண்டும். தமிழகம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளும், 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கப்பட்டுள்ளன.

நிழலில் எடுக்கும் வெயில்

வெயில் அளவு வெயிலில் எடுக்கப்படுவதில்லை! தரையில் இருந்து சுமார் 4 அடி உயரத்தில், நாலு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டிக்குள் தெர்மா மீட்டர்கள் இருக்கும். காற்று புகுந்து வர பக்கவாட்டில் சாய்வு சட்டங்கள். திறக்கும்போது வெயில் உள்ளே விழாமல் இருக்க கதவு வடக்கு பார்த்து இருக்கும். இதை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்து என்ஜினீயர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' கதை எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா.

உள்ளே 4 தெர்மா மீட்டர்கள். ஒன்று பகலின் உச்சத்தை பிடித்து வைக்கும். பழைய காய்ச்சல் தெர்மா மீட்டர் போல ஏறிய பாதரசம், உதறும் வரை இறங்காது. இன்னொன்று இரவின் குறைந்த வெப்பத்துக்கு. மற்ற இரண்டும் ஜோடி. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி இருக்கும். மண்பானை தண்ணீர் ஜில்லென்று ஆகும் அதே தத்துவம்தான். காற்று வறண்டிருந்தால் ஈரம் சீக்கிரம் காய்ந்து அந்த தெர்மா மீட்டர் நன்றாக இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால் காற்றில் ஈரப்பதம் அதிகம். அன்றைக்கு வேர்வை காயாது, புழுக்கம் ஆளை கொல்லும்.

ஆக, செய்தியில் வரும் 104 டிகிரி நிழலில் எடுத்தது. செல்சியசில் 40. ரோட்டில் தார் ஊற்றுபவர், சென்டிரிங் கம்பி கட்டுபவர் உடம்பில் ஏறும் சூடு அதைவிட பல மடங்கு கொடுமை. செல்போனில் தெரியும் டிகிரியோ பெரும்பாலும் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. கத்திரி வெயில் பஞ்சாங்க கணக்கு, வானிலை துறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சமவெளியில் 40 டிகிரி செல்சியசை தொட்டு, அது வழக்கமான அளவைவிட 4½ டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் 'வெப்ப அலை'. அல்லது நேரடியாக 45 டிகிரியை எட்ட வேண்டும். மதுரையில் மே மாதம் வழக்கமே 38-ஐ ஒட்டி இருப்பதால் 41 டிகிரி அடித்தாலும் அந்த பெயர் கிடைக்காது. வெப்ப அலையை மாநில பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்று தமிழக அரசு 2024-ல் உத்தரவிட்ட பிறகு, இந்த அரை டிகிரி, ஒரு டிகிரிக்கெல்லாம் மதிப்பு கூடி விட்டது.

காற்றை 10 மீட்டர் உயர கம்பத்தில் அளப்பார்கள். சுற்றும் கிண்ணங்கள் வேகத்தையும், திரும்பும் அம்பு திசையையும் காட்டும். மேற்கு காற்று என்றால் மேற்கில் இருந்து வருவது. மதுரை விமான நிலைய ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதால் ஆடி காற்று வீசும் நாட்களில் எந்த பக்கம் கிளம்புவது என்பதை இந்த அம்புதான் சொல்கிறது.

வீட்டில் மழையை அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள டப்பா போதும். திறந்த வெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேல் விட்டு பார்க்கலாம். வாளி, குடம் சரிப்படாது.